விளக்கை யார் ஏற்றுவது?

(நெல்லியடியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் எங்கள் சங்கத்தின் சார்பில் பேசியது. அச்சுக்காகச் சில வசனங்களைத் திருத்தியிருக்கிறோம். விஷயத்தில் கை வைக்கவில்லை.)



மலையகத்தில் இருந்து நாங்கள் ஆறு பேர் வந்திருக்கிறோம். மூன்று பேர் கொழுந்து எடுக்கிறவர்கள். ஒருவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒருவர் எங்கள் தோட்டத் தலைவர். மிச்சம் ஒரு ஆள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். மைக்கைக் கொடுத்தால் லேசில் விடமாட்டார் என்று தெரிந்துதான் மற்ற ஐந்து பேரும் அவரை முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே இங்கே பேசப்படுவது ஆறு பேருடைய பேச்சு.

சம்பளப் பிரச்சினையைப் பேசுங்கள் என்றுதான் எங்களை அழைத்தீர்கள். அதைத் தலைவர் பின்னேரம் பேசுவார். எங்களைவிடக் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் வழியில் பார்த்ததையும், இந்த மாதம் எந்த மாதம் என்பதையும் வைத்து ஒரு விஷயத்தைப் பேசுகிறோம்.

அட்டனில் விடியற்காலை பஸ் எடுத்து, கண்டியில் மாறி, மாத்தளை, தம்புள்ளை வழியாக வந்தோம். அந்தப் பாதையில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். சிங்களக் கிராமங்களில் பஸ் தரிப்பிடங்கள் பல, இறந்துபோன இராணுவச் சிப்பாய்களின் பெயரில் கட்டப்பட்டவை. சுவரில் பெயர் இருக்கும், பிறந்த திகதி இருக்கும், இறந்த திகதி இருக்கும். எங்களில் ஒருவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஜன்னல் பக்கம் இருந்து வாசித்துக்கொண்டே வந்தார். இருபது வயது, இருபத்திரண்டு வயது. கழித்துப் பார்க்க வாத்தியார் தேவையில்லை. ஒரு தரிப்பிடத்தில் மழைக்கு ஒதுங்கி ஒரு வயசான அம்மா மரக்கறிப் பையோடு நின்றார். அவர் அந்தப் பையனின் தாயா, யாரோ ஒருவரா, எங்களுக்குத் தெரியாது. பஸ் நிற்கவில்லை.

வவுனியா தாண்டினால் வேறு மாதிரி. கிளிநொச்சியில் அரசாங்கம் கட்டிய நினைவுச் சின்னம் நிற்கிறது. வெடித்த கொங்கிரீட் கட்டி, அதற்கு மேலே தாமரைப் பூ. ஆனையிறவில் இன்னொன்று. இரண்டும் உயரமானவை, சுற்றிவரப் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகிறவை. அங்கே ஒரு சிப்பாயின் தாய் தன் பிள்ளையின் பெயரைத் தேடிப் போனால் கண்டுபிடிப்பாரா என்று நாங்கள் பஸ்ஸுக்குள் கதைத்துக்கொண்டோம். அந்த மழைத் தரிப்பிடத்தில் பெயராவது இருந்தது.

இந்த நவம்பர் மாதத்தில் நாட்டின் இரண்டு பக்கமும் விளக்கேற்றுகிறார்கள். 13ஆம் திகதி தெற்கில் ஜே.வி.பி.யினர் தங்கள் ஆட்களை நினைவு கூருகிறார்கள். றோகண விஜேவீர 1989இல் கொல்லப்பட்ட நாள் அது. 1971இலும் 1987 தொடக்கம் 89 வரையும் கொல்லப்பட்ட சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட இயக்கம், இன்றைக்கு அதன் தலைவர் நாட்டின் ஜனாதிபதி. 27ஆம் திகதி உங்களுடைய நாள். அந்தத் திகதி எப்படி வந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 1982 நவம்பர் 27இல் இறந்த சங்கர் பக்கத்து ஊர் கம்பர்மலைப் பிள்ளை. 1989இல் முதல் தடவை நினைவு கூர்ந்தார்கள். அதோடு, வருகிற ஜனவரி 10ஆம் திகதி எங்களுடைய நாள். அதற்குப் பிறகு வருகிறோம்.

நெல்லியடிக்கு வந்து இதைப் பேசுகிறபோது இந்த ஊரில் நடந்ததைப் பேசாமல் விடமுடியாது. இந்தச் சந்தைக்குப் பக்கத்தில்தான் மத்திய மகா வித்தியாலயம். 1987இல் வடமராட்சி மீது இராணுவம் படையெடுத்து, அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் முகாம் போட்டது. ஜூலை 5ஆம் திகதி இரவு, கரவெட்டிப் பிள்ளை வசந்தன், மில்லர் என்ற இயக்கப் பெயரில், வெடிமருந்து ஏற்றிய லொறியை அதற்குள் ஓட்டிக்கொண்டு போனார். வயது இருபத்தொன்று. செத்த சிப்பாய்கள் எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு உண்டு. எந்தக் கணக்கிலும் அவர்களின் ஊர் பெயர்களைக் காணோம்.

இதைப் பற்றி எங்கள் ஆறு பேருக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. பஸ்ஸுக்குள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தோம், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. படிப்பிக்கிற ஆளின் கருத்தை மட்டும் சொல்கிறோம். வகுப்பறைக்குள் துவக்கைக் கொண்டுவந்தது பெரிய அநியாயம். ஒரு பிள்ளையைத் திரும்பி வராத லொறியில் ஏற்றி அனுப்பியதையும் எங்கள் நெஞ்சு ஏற்கவில்லை. அந்தப் பிள்ளையும் எங்கேயோ ஒரு வாங்கில் இருந்து படித்தவன்தான். இதைச் சொல்வதால் உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம். கூட்டம் முடிந்ததும் வந்து பேசுங்கள், ஓடமாட்டோம். ஆனால் ஒன்றில் ஆறு பேரும் ஒத்துப்போனோம். இறந்தவனுக்கு அழுகிற உரிமையை அவனுடைய தாயிடம் இருந்து யாரும் பறிக்கக் கூடாது. இராணுவமும் பறிக்கக் கூடாது, கட்சியும் பறிக்கக் கூடாது.

இதில் மலையகத்தானுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ஆட்களிலேயே சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1977இலும் 81இலும் 83இலும் அடிபட்டு, லயம் எரிந்து, பானை சட்டியோடு வன்னிக்குப் போன குடும்பங்கள் எத்தனை! கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் என்று போய்ப் பாருங்கள். காட்டை வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். அந்தப் பிள்ளைகளும் போருக்குப் போனார்கள். விரும்பிப் போனவர்கள் உண்டு. கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. காசும் ஆள் பலமும் இருந்தவன் பிள்ளையை வெளியே எடுத்தான். மற்றவன் கொடுத்தான்.

எங்களோடு வந்திருக்கும் ஒருவருடைய சின்னம்மா அப்படிப் போனவர். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் தொண்ணூறுகளில் தானாகப் போனான். அவனுக்குக் கனகபுரம் துயிலும் இல்லத்தில் ஒரு கல் இருந்தது. இளையவனை 2008இல் பிடித்தார்கள். 2009இல் எங்கே விழுந்தான் என்று தெரியாது. கல்லும் இல்லை. போர் முடிந்த பிறகு இராணுவம் கல்லறைகளை இடித்துத் தள்ளியது. "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான், மூத்தவனுக்கும் கல்லு இல்ல" என்றார் எங்களிடம். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், அரிசி விலை சொல்கிற மாதிரி.

வருடா வருடம் 27ஆம் திகதி இரண்டு சுட்டி விளக்கோடு போவார். மாலை 6.05க்கு மணி, 6.06க்கு மௌனம், 6.07க்கு விளக்கு. அந்த நேரம் அவருக்கு மனப்பாடம். ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறோம். எந்த இடம், எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கு மற்றக் கட்சிக்காரன் இந்தப் பேச்சைத் தூக்கிக்கொண்டு திரிவான். சின்னம்மா மத்தியானமே போய் முன்னுக்கு இடம் பார்த்து விளக்கை வைத்தார். ஐந்தரைக்கு வாகனங்கள் வந்தன. தலைவர் வந்தார், அவருக்குப் பின்னால் கமரா வந்தது. ஒரு தம்பி ஓடிவந்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, படத்தை மறைக்குது" என்றான். கெட்ட பிள்ளை இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான். சின்னம்மா தள்ளி நின்றார். விளக்கு இரண்டும் அதே இடத்தில் இருந்தன.

அடுத்த நாள் பத்திரிகையில் படம். தலைவர் குனிந்து சுடர் ஏற்றுகிறார். வேட்டிக் கரைக்குப் பக்கத்தில் இரண்டு சுட்டி எரிகிறது. சின்னம்மா அதை வெட்டி, மடித்து, வங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். எங்களுக்கு எடுத்துக் காட்டி, "இது ரெண்டும் என்னோடது" என்று விரலை வைத்தார். படத்துக்குக் கீழே தலைவரின் பெயர் மட்டும்தான்.

தோழர்களே, அரசியல்வாதி ஒருவனும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படிச் சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. 2009க்குப் பிறகு பல வருடங்கள், தாய்மார் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் விளக்கு ஏற்றினார்கள். கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்து, அதற்கு மேலே 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டி 2011இல் திறந்தார்கள். அந்தக் காலத்தில் பகிரங்கமாக ஒரு திரி கொளுத்த ஆள் தேவைப்பட்டது. 2020 செப்டெம்பரில் திலீபன் நினைவு நாளுக்காக எம். கே. சிவாஜிலிங்கம் கைது செய்யப்பட்டார். அவர் உங்கள் வல்வெட்டித்துறைக்காரர். அவரோடு எதிலும் ஒத்துப்போகாதவர்கூட அந்த இடத்தில் அவர் நின்றதை மறுக்க முடியாது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் தூபியை இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் நின்றார்கள், செய்தி உலகம் முழுக்கப் போனது, ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது. கமரா இல்லாவிட்டால் அது எழுந்திருக்காது. ஆகவே விளம்பரம் முழுக்கக் கெட்டது என்று சொல்கிறவனுக்கு அடி விழுகிற நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரியாது.

அடி குறைந்த பிறகுதான் விளம்பரம் வேறு மாதிரி ஆகிறது. பொலிஸ் பிடிக்கும் என்றால் முன்வரிசையில் இடம் இருக்கும். பிடிக்காது என்று தெரிந்தால் முன்வரிசைக்கு அடிபாடு. நல்லூரில் திலீபன் தூபியடியில் எந்த அணி நடத்துவது என்று தமிழர்களே முட்டிக்கொண்டதை அண்மை வருடங்களில் பார்த்தோம். தண்ணீரும் குடிக்காமல் செத்தவனுடைய படத்துக்கு முன்னால்!

2024இல் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 27 நினைவு நாள், நடுவில் இரண்டு கிழமை கூட இல்லை. அந்த வருடம் 27இல் வெள்ளம். சின்னம்மா முழங்கால் தண்ணீருக்குள் குடை பிடித்து விளக்கு ஏற்றினார். "அந்த முறை மறைக்குதுன்னு யாரும் சொல்லல" என்று சிரித்தார்.

துயிலும் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. பொதுச்சுடரை இறந்தவரின் தாயோ தகப்பனோ, துணையோ பிள்ளையோ ஏற்றுவது. அந்த வழக்கத்தை அப்படியே காப்பாற்றுகிற ஊர்க் குழுக்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அங்கே அரசியல்வாதி வந்தால் சனத்தோடு சனமாகப் பின்னால் நிற்பார். யாரும் அவரை வெளியே போகச் சொல்வதில்லை. இடம் எது என்பதை மட்டும் காட்டிவிடுகிறார்கள்.

வருடத்தில் மற்ற நாட்களும் இருக்கின்றனவே. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். ஆயிரம் நாள், இரண்டாயிரம் நாள் என்று தாண்டிவிட்டது. பதில் தெரியாமலே செத்துப்போன தாய்மார் பலர். 27ஆம் திகதி சுடர் ஏற்றுகிற தலைவர் 28ஆம் திகதி அந்தக் கொட்டகையில் போய் ஒரு மணித்தியாலம் உட்காருகிறாரா? நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான்.

தெற்கிலும் இதே கதை என்பதை எங்கள் பஸ் பயணமே காட்டியது. மே 19ஐ அரசாங்கம் போர் வீரர் தினமாக வைத்திருக்கிறது. 2025இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அந்த நிகழ்வுக்கு வரமாட்டார் என்று முதலில் செய்தி வந்தது. எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. பிறகு வந்தார். அவர் வருவாரா மாட்டாரா என்பதே நாலு நாள் தலைப்புச் செய்தி. சிப்பாயின் மனைவிக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு வரி இல்லை. 12 வருட சேவை முடிவதற்கு முன் கால் போய், கை போய் வெளியேறிய படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு கோட்டையில் தெருவில் உட்கார்ந்தார்களே, அவர்களை 'ரணவிரு' என்று மேடையில் கும்பிட்ட தலைவர்களின் ஆட்சிகளில்தான் அதுவும் நடந்தது. அந்தப் பையன்கள் ஏன் இராணுவத்துக்குப் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள்தானே. நெல் விலை போகவில்லை, வேறு வேலை இல்லை, மாதச் சம்பளம் கிடைக்கும் என்று போனார்கள்.

இனி எங்கள் பக்கம். மற்றவன் முற்றத்தைக் கூட்டியது போதும்.

1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் செத்தார். மலையகத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறோம். அவர் மனைவிக்காக விசாரணை ஆணைக்குழுவில் சட்டத்தரணியாக நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவரும் அரசியல்வாதிதான், அதையும் சொல்லவேண்டும். 1956இல் டயகமவில் ஏபிரகாம் சிங்கோ சுடப்பட்டார். சிங்களத் தொழிலாளி, எங்கள் போராட்டத்தில் செத்தவர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று மறித்து நின்ற இளைஞன். இவர்கள் கையில் துவக்கு இருக்கவில்லை. இவர்களைச் சிப்பாய்களோடு சேர்த்துப் பேசுவது சரியா என்று தலைவர் பஸ்ஸில் கேட்டார். நியாயமான கேள்வி. செத்த விதம் வேறுதான். செத்த பிறகு மேடையில் அவர்களுக்கு நடந்தது வேறில்லை.

சில வருடங்களுக்கு முன் நாங்களே ஒரு ஜனவரி 10 கூட்டம் நடத்தினோம். பெரிய பெனர் அடித்தோம். பிரதம விருந்தாளியின் படம் ஒரு ஆள் உயரம். சங்கப் பொறுப்பாளர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு. கோவிந்தனின் பெயர் மூலையில், அதுவும் எழுத்துப் பிழையோடு. அந்தப் பெனரில் சிரித்தவர்களில் இப்போது மைக் பிடித்திருக்கிற ஆளும் ஒருவர். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் கேட்டோம், நேற்றுக் கூட்டம் யாருக்காக என்று. ஒரு பிள்ளை எழுந்து பிரதம விருந்தாளியின் பெயரைச் சொன்னது. அவருக்குத்தான் பிறந்தநாளோ என்று நினைத்திருக்கிறது. வகுப்பு முழுக்க ஆமாம் போட்டது. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

இன்னொன்று, அதைவிட அண்மையானது. எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிச் செத்தார். தோட்டத்தில் எங்கே கேட்டாலும் இப்படி ஒரு சாவு சொல்வார்கள். மூன்று சங்கங்களின் தலைவர்கள் மூன்று வாகனத்தில் வந்தார்கள். மலர்வளையம், சேலைத் துண்டு, தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம். இரவுக்கு முன்னால் முகப்புத்தகத்தில் ஏறிவிட்டது. நட்டஈட்டுக் கடுதாசிக்கு அந்த அண்ணன் பதினாலு மாதம் நடந்தார். ஒவ்வொரு முறையும் அரைப் பேர் போய்விடும், பஸ் காசு வேறு. படம் எடுத்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்தால் கூட்டத்தில் இருக்கிறார் என்று பதில். எங்கள் சங்கமும் அந்த மூன்றில் ஒன்று. பதினைந்தாவது மாதம்தான் எங்களில் ஒருவர் லீவு போட்டு அவரோடு கந்தோருக்குப் போனார். போன முதல் நாளே விஷயம் தெரிந்தது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்த ஒரு நாள் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கமிட்டியில் பெரிய சண்டை நடந்து, சில விஷயங்களைத் தீர்மானித்தோம். வருகிற ஜனவரி 10 கூட்டத்துக்குப் பெனரில் உயிரோடு இருக்கிற யாருடைய படமும் வராது. கோவிந்தன், ஏபிரகாம் சிங்கோ, லெட்சுமணன் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் வரும், பிழை பார்க்கும் வேலை பள்ளிக்கூடத்துக்கு. அந்த வருடம் வேலையில் செத்த தோட்டத் தொழிலாளர்களின் பெயர்களும் வரும். விளக்கை அந்தக் குடும்பங்கள் ஏற்றும். அரசியல்வாதிகளுக்கும் தலைவர்களுக்கும் அழைப்பு உண்டு, கதிரை மூன்றாம் வரிசையில். பேச வேண்டும் என்றால், செத்தவர்களின் குடும்பத்துக்குக் கிடைக்கவேண்டிய சேமலாப நிதியும் நட்டஈடும் எந்தக் கந்தோரில், எந்த மேசையில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேசலாம். இந்தக் கடைசி நிபந்தனைக்குக் கமிட்டியில் ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் வெற்றி. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் ஞாயம் உண்டு: பெரிய ஆள் வராவிட்டால் பத்திரிகை வராது, பத்திரிகை வராவிட்டால் கம்பனி பயப்படாது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஒரு வருடம் செய்து பார்ப்போம் என்று விட்டிருக்கிறோம்.

சின்னம்மாவையும் அழைத்திருக்கிறோம். 1977க்குப் பிறகு அவர் மலைக்கு வந்ததில்லை. வந்தால் தன் லயம் இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்கிறார். இரண்டு சுட்டியும் கொண்டுவரலாமா என்று கேட்டார். கொண்டுவாருங்கள் என்றோம். தலைவருக்குக் கொஞ்சம் யோசனை, பொலிஸ் என்ன சொல்லுமோ என்று. பார்த்துக்கொள்வோம்.

நெல்லியடியில் இருந்தும் வாருங்கள். கண்டி வரை வந்தால் போதும், ஆட்களை அனுப்புகிறோம். தங்க இடம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, சாப்பாடு மாதர் சங்கம் பார்க்கும். ஜனவரியில் எங்கள் பக்கம் பனி இறங்கும், உங்கள் ஊர்ச் சேலையும் சாரமும் அதற்குத் தாங்காது. ஆளுக்கொரு கம்பளி எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை பேர் வருவீர்கள் என்று டிசம்பர் முடிவதற்குள் சொல்லிவிட்டால் அரிசி வாங்க வசதியாக இருக்கும்.